வெந்த காரும் வீட்டுப் பட்டறையும்

எரிந்த வீட்டை மீண்டும் கட்டுவோரை நாம் அறிவோம். எரிந்து கருகிய மோட்டார் காரை மீண்டும் எழுப்பி, அதில் அமர்ந்து செல்வோரும் உண்டு என்று கூறினால் வியப்படைவோர் பலர். அதுவும் பெரிய தொழிற்சாலையில் அன்று. ஒரு கார் நிற்கும் அளவே இடமுள்ள வீட்டுக் கொட்டகையில், மாலைப் பொழுதுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல ஆண்டுகள் முயன்று இப்பணியைச் செய்து முடிப்பவர்கள் இங்கிலாந்து நாட்டில் இருக்கின்றனர். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. காரின் உடலமைப்பு எவ்வாறு மாறி வந்தது, அம்மாற்றங்களுக்கு ஏற்ப நெருப்பு எதை அழித்து எதை விட்டுவைத்தது, எஞ்சியதிலிருந்து எழுப்பப்பட்டதை அதே கார் என்று அழைக்கலாமா என்னும் மூன்று வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. அவற்றை வரிசையாகக் காண்போம்.

பழைய கார்களைப் போற்றும் வழக்கம் இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தோன்றிவிட்டது. 1934-ஆம் ஆண்டில் அங்கே விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கழகம் நிறுவப்பட்டது. பெருஞ்செல்வம் இல்லாத ஆர்வலர்கள் அதில் கூடினர். போர் முடிந்த பின்னரும் பெட்ரோல் பங்கீடு நீடித்தது. 1950-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அது நீங்கியது. அக்காலத்தில் புதிய கார்களுள் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே சென்றமையால், கார் வேண்டியவன் பழையது ஒன்றை வாங்கித் தானே செப்பனிட்டுக்கொள்ள நேர்ந்தது. 1960-ஆம் ஆண்டில், பத்தாண்டுகளைக் கடந்த கார்கள் யாவும் பரிசோதனையில் தேற வேண்டும் என்னும் விதி வந்தது. தேறாத கார்கள் பழைய இரும்புக் கடைகளுக்குச் சென்றன. அவற்றின் உறுப்புகள் வீட்டுப் பட்டறைகளை அடைந்தன. தேவை கற்பித்த கைத்தொழில், நாளடைவில் விருப்பத்தால் வளரும் கலையாயிற்று.

இத்தகைய கார்களில் தீ எவ்வாறு பற்றுகிறது? எம்.ஜி.பி. என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சினில் பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டர்களும், எரிந்த புகையை வெளியேற்றும் சூடான குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. பெட்ரோல் வரும் இரப்பர்க் குழாயில் சிறு வெடிப்புக் கண்டாலும், கசிவு அச்சூட்டின்மேல் விழக்கூடும். பெட்ரோலைச் செலுத்தும் மின்பம்பு, எஞ்சின் நின்ற பின்னும் சாவி திருப்பப்பட்டிருக்கும் வரை தன் பணியை நிறுத்துவதில்லை. தீக்கு அது நெய் வார்த்துக்கொண்டே இருக்கும். 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் பிரிட்டனில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோலே பொது வழக்காயிற்று. எத்தனால் பழைய இரப்பர்க் குழாய்களை அரிக்கும் இயல்புடையது ஆதலின், பழைய கார் வைத்திருப்போர் அக்குழாய்களை மாற்றிவிட வேண்டும் என்று அறிஞர் எச்சரிக்கின்றனர்.

தீ அணைந்த மறுநாள் மீட்பவன் முதலில் செய்யவேண்டியது சுத்தியலை எடுப்பது அன்று. சாம்பலைப் படிப்பதே ஆகும். கார் எத்துணைச் சூட்டுக்கு உள்ளாயிற்று என்பதைக் காரின் உறுப்புகளே எழுதிவைத்திருக்கும். எஞ்சினுள் இருக்கும் வெள்ளீயக் கலவைப் பேரிங்குகள் ஏறத்தாழ 240 பாகை சென்டிகிரேடில் உருகத் தொடங்கும். ஈயம் 327 பாகையில் உருகும். துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடிகள் 400 பாகையை எட்டுமுன்னரே உருக்குலையும். அலுமினியம் உருகுவது 660 பாகையில். செம்பு உருகுவது 1,085 பாகையில். முன்புறத்தில் அலுமினியம் குட்டையாக உருகிக் கிடக்க, பின்புறத்தில் கைப்பிடிகள் வடிவம் கெடாமல் இருந்தால், தீயின் எல்லை எது என்பதை ஐயமின்றி அறியலாம்.

உருகாதவை எல்லாம் நலமானவை என்று எண்ணிவிடலாகாது. எஃகு உருகுவதற்கு 1,500 பாகை அளவில் சூடு வேண்டும். ஆயினும் 600 பாகையை அடையும்போதே அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. சாதாரண எஃகு குளிர்ந்த பின் வலிமையைப் பெரும்பாலும் திரும்பப் பெறும். ஆனால் சூட்டில் கொண்ட கோணல் நீங்காது. வில்களும், ஸ்டியரிங்கின் கைகளும், உயர்ந்த ஆணிகளும் பதமிட்ட எஃகால் ஆனவை. நெருப்பு அப்பதத்தைக் கெடுத்துவிடும். அவை பார்வைக்கு முன்போலவே இருக்கும், ஓடும்போது முறியும். ஆகவே, உயிர்காக்கும் உறுப்புகளில் ஐயத்துக்கு இடமானவற்றை எல்லாம் நீக்கிவிடுவதே நன்மரபு.

இனி, காரின் உடலமைப்புக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். 1945 முதல் 1949 வரை அபிங்டன் நகரில் செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்னும் சிறு காரை முதற்காலத்தின் பிரதிநிதியாகக் கொள்ளலாம். ஏறத்தாழ 10,000 கார்கள் இவ்வகையில் பிறந்தன. கீழே ஏணி போன்ற எஃகு அடிச்சட்டம். அதன்மேல் ஆஷ் மரத்தால் ஆன கூடு. கூட்டின்மேல் தகடு என்பதே இதன் அமைப்பு. எஞ்சினின் உடலும் தலையும் வார்ப்பிரும்பு. தீப்பிடித்தால் மரம் முற்றும் சாம்பலாகும், தகடுகள் சுருங்கும். ஆனால் அடிச்சட்டமும் எஞ்சினும் பெரும்பாலும் எஞ்சும். சட்டத்தைச் சமதளத்தில் வைத்து, மூலைக்கு மூலை அளந்து, இரு அளவுகளும் ஒத்திருக்கக் கண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம். மரக்கூட்டை நல்ல தச்சன் ஒருவன் புதிதாகச் செய்துவிடலாம். குதிரைவண்டிக் காலத்துத் தச்சுவேலை மோட்டார் காருக்குள் தங்கியிருந்தமையாலேயே, வெந்த காரை வீட்டில் எழுப்புதல் இயல்வதாயிற்று.

இரண்டாவது வகை, பந்தயத்துக்கென இலேசான உலோகங்களால் ஆக்கப்பட்டது. இதனோடு நெருப்பு கொண்ட பகையை விளக்க, கவன்ட்ரி நகரில் 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் மாலை நிகழ்ந்த பெருந்தீ ஒன்றே போதும். ஜாகுவார் நிறுவனத்தின் பிரௌன்ஸ் லேன் தொழிற்சாலை அன்று தீக்கு இரையாயிற்று. லெமான் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் வென்ற டி-டைப் காரைச் சாலைக்கேற்ப மாற்றி, எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்னும் பெயரில் 25 கார்கள் செய்ய அந்நிறுவனம் முனைந்திருந்தது. அவற்றுள் 16 கார்களே வெளியேறின. ஒன்பது கார்கள் அத்தீயில் அழிந்தன. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த உடல்களுக்கு அத்தீ எதையும் விட்டுவைக்கவில்லை. மக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவதும் தீங்கே. நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து மேலும் எரியும். எனினும் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்த லெமான் பந்தயத்தில் டி-டைப் கார்கள் முதல் நான்கு இடங்களையும் பெற்றன என்பது வரலாற்றின் விந்தை. 2016-ஆம் ஆண்டில், அழிந்த ஒன்பதுக்கு ஈடாக ஒன்பது புதிய கார்களைப் பழைய முறைப்படியே செய்யப்போவதாக ஜாகுவார் அறிவித்தது. ஒவ்வொன்றுக்கும் 10,000 மணி நேர உழைப்பு வேண்டும் என்று மதிப்பிட்டனர். இவை வெந்த கார்களின் மறுபிறப்பு அல்ல. அவற்றின் நினைவாகப் பிறந்த தம்பியர். இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

மூன்றாவது வகை, தனியே அடிச்சட்டம் இல்லாதது. 1962-ஆம் ஆண்டில் தோன்றி 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. இவ்வகையைச் சேர்ந்தது, 5,00,000-க்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. இதில் மெல்லிய எஃகுத் தகடுகளைப் பெட்டிபோல் இணைத்து, அந்தக் கூட்டையே சட்டமாகவும் உடலாகவும் அமைத்தனர். இலேசான அமைப்பு, மலிவான அமைப்பு. ஆனால் தீயின்முன் இதுவே மிக ஏழையானது. தகடு நெளிந்தால் காரின் முதுகெலும்பே நெளிந்ததாகும். அளந்து நிமிர்த்த அடியில் வேறு சட்டம் ஏதும் இல்லை. ஆகவே, கடுந்தீயில் வெந்த எம்.ஜி.பி. நெடுங்காலம் இரும்புக் கடைக்கே உரியதாயிற்று.

1988-ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம், எஞ்சியிருந்த பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, எம்.ஜி.பி.யின் முழுக் கூட்டையும் மீண்டும் செய்து விற்கத் தொடங்கியது. நின்றுபோன காரின் புதிய உடலை எவரும் வாங்கலாம் என்னும் நிலை அதனால் ஏற்பட்டது. வெந்த கூட்டிலிருந்து எஞ்சினையும், அச்சுகளையும், எஞ்சிய உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்துப் புதிய கூட்டில் பொருத்துதல் வீட்டுக் கொட்டகையில் இயலும் செயலே. இம்முயற்சியின் விளைவு அம்மட்டில் நில்லாது, 1992-ஆம் ஆண்டில் ரோவர் நிறுவனம் அக்கூட்டை அடிப்படையாகக் கொண்டு எம்.ஜி. ஆர்.வி.8 என்னும் புதிய காரையே வெளியிட்டது. பழுது பார்ப்போருக்கென எழுந்த கூடு, புதிய காருக்குத் தாயாயிற்று.

வீட்டில் இப்பணியை மேற்கொள்வோர் அஞ்சவேண்டியவற்றையும் கூறுதல் கடமை. பழைய பிரேக்குகளிலும் எஞ்சின் இணைப்புகளிலும் கல்நார் இருக்கும். தீக்குப் பின் அது தூசியாய்ப் பறந்து நுரையீரலைக் கெடுக்கும். பிற்காலத்தில் பொருத்தப்பட்ட சிலவகைச் செயற்கை இரப்பர் வளையங்கள் கடுஞ்சூட்டில் சிதைந்து, ஐதரோபுளோரிக் அமிலத்தை விட்டிருக்கக் கூடும். அது தோலினுள் ஊடுருவிப் புண்ணாக்கும். ஆதலின், முகமூடியும் கையுறையும் இன்றி வெந்த காரைத் தொடலாகாது. தீயணைத்த நீர் தகடுகளின் மடிப்புகளில் தங்கிச் சில நாட்களிலேயே துருவை விளைக்கும் ஆகையால், கழற்றி உலர்த்துவதில் தாமதமும் கூடாது.

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். கூடு புதிது, மரம் புதிது, கம்பி புதிது, இருக்கை புதிது என்றால் எஞ்சிய கார் எது? இவ்வினா இலண்டன் உயர்நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெமான் பந்தயத்தில் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி கார், பின்னர் பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. அதனை வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், இது அக்காரே அன்று எனக் கூறி மறுத்தனர். வெற்றி பெற்ற நாளில் இருந்த உறுப்புகளுள் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. நெருப்பால் அன்று, பந்தயத் தேவையால் நேர்ந்த மாற்றங்களே அவை. எனினும் வினா ஒன்றே. 1990-ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பில் நீதிபதி, அது முதலில் செய்யப்பட்டபடியே உள்ள கார் அன்று என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் இடையறாத வரலாறு உடையதாகையால் அப்பெயருக்கு அதுவே உரியது என்று முடிவு செய்தார். உறுப்புகள் மாறினும் வரலாற்றுச் சங்கிலி அறுபடவில்லை என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

அச்சங்கிலியின் விலையை அறிய மற்றொரு நிகழ்ச்சியைப் பார்க்கலாம். 1954-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஃபெராரி 500 மோந்தியால் கார் ஒன்று 1960-களில் எரிந்து, நசுங்கிய தகடுகளாய்ப் பல ஆண்டுகள் கிடந்தது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் அக்குவியல் 18,75,000 டாலருக்கு விலைபோயிற்று. அத்தொகை தகட்டுக்குக் கொடுக்கப்பட்டது அன்று. அக்காரின் எண்ணுக்கும் பிறப்புக்கும் கொடுக்கப்பட்டது. எண்ணுக்கு இத்துணை விலை இருக்கும்போது, எரிந்த காரின் எண் பலகையை மட்டும் எடுத்துப் புதிய உடலில் அறைந்து, பழைய காரென விற்க முனையும் வஞ்சகத்துக்கும் இடம் உண்டாகிறது. எரிந்ததை எழுப்பும் கைத்தொழிலும், எரியாததுபோல் நடிக்கும் பொய்யும் ஒரே பட்டறையில் பிறக்கக்கூடியவை.

இதனை உணர்ந்தே, பழங்கார்க் கழகங்களின் உலகக் கூட்டமைப்பு டூரின் சாசனம் என்னும் நெறிமுறையை வகுத்தது. நினைவுச்சின்னங்களைப் பேணுவதற்காக 1964-ஆம் ஆண்டில் எழுந்த வெனிஸ் சாசனம் அதற்கு முன்மாதிரி. செய்த ஒவ்வொரு வேலையையும் எழுதிவைக்க வேண்டும்; புதிதாகச் சேர்த்தவை எவை என்பது பின்வருவோர்க்குத் தெரியவேண்டும் என்பது அதன் சாரம். இந்நெறி, செல்வர் வீட்டு ஃபெராரிக்கு மட்டும் உரியதன்று; கொட்டகையில் எழும் எளிய எம்.ஜி.க்கும் அதுவே பொருந்தும். எரிந்த நாளில் எடுத்த படமும், கழற்றிய உறுப்புகளின் பட்டியலும், புதிய கூடு வாங்கிய ரசீதும் ஒரு குறிப்பேட்டில் ஒழுங்காக இருக்குமாயின், அக்கார் தன் கதையைத் தானே சொல்லும்.

நெருப்பு மரத்தைச் சாம்பலாக்கும், அலுமினியத்தை உருக்கும், எஃகை வளைக்கும். அது அழித்தவற்றுள் பலவற்றைத் தச்சனும் கொல்லனும் பொறுமையுள்ள உரிமையாளனும் மீண்டும் ஆக்கிவிடலாம். இது எரிந்தது, இவ்வளவே எஞ்சியது, மற்றவை என் கையால் சேர்ந்தவை என்று உண்மை கூறும் குறிப்பேட்டை மட்டும் பின்னால் எவராலும் புதிதாகச் செய்துவிட இயலாது. ஆகவே, வெந்த காரை வீட்டுக்குக் கொண்டுவருபவன் முதல் திருகாணியைக் கழற்றுமுன் அக்குறிப்பேட்டைத் தொடங்கிவிடுவானாக.