கொட்டை எழுத்து

தமிழெழுத்து நெடுங்காலம் ஓலையில் வாழ்ந்தது. எழுத்தாணி கீறிய கோட்டில் தடிப்பும் மெலிவும் பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆகவே மக்கள் 'கொட்டை எழுத்து' என வழங்கும் பருத்த வடிவம் அச்சின் வரவு எனலாம்.

தொடக்கத்தில் பருமன் பெருமையாக இல்லை, சுமையாகவே இருந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கச் சிறுநூல். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மேற்கொண்டதோ பெருநூல் அச்சு. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழெழுத்துகள் 1713-இல் அங்கு வந்துசேர்ந்தன. அவை உருவில் பெரியவை, தாளோ அரிது. ஆதலின் பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈயத்தகட்டையும் உருக்கி, உள்ளூரிலேயே சிற்றெழுத்து வார்த்தனர். 1715-இல் புதிய ஏற்பாடு நிறைவெய்தியது.

பருமனை வாணிகத்தின் குரலாக்கியது இலண்டன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரிசுச்சீட்டு விளம்பரங்களில் கொழுத்த எழுத்துகள் கூவத் தொடங்கின. 1845-இல் இராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் வெளியிட்ட 'கிளாரண்டன்' அவற்றினும் அடக்கமானது. கோடுகளின் முனைகளில் திண்ணிய அடிக்கட்டைகள் உண்டு. காங்கேயம் காளையைப்போல் காலூன்றி நிற்கும். அகராதியில் தலைச்சொல்லைப் பிரித்துக்காட்டவும் சுவரொட்டியில் கண்ணை இழுக்கவும் அது உதவியது. சட்டம் அதற்குத் தந்த காப்பு மூன்றே ஆண்டுகள். பின்னர்ப் பிற வார்ப்பகத்தாரும் தாராளமாகப் படியெடுத்தனர்.

தமிழுக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. தமிழெழுத்துக்கு அடிக்கட்டை இல்லை; சுழியும் வளைவுமே உயிர். 'ட', 'ப' போன்றவை எளிதில் பருக்கும். 'ண', 'ஞ' ஆகியவற்றைத் தடிப்பாக்கினால் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். எழுத்தை அகலப்படுத்தி உள்வெளி காத்தாலன்றி அது படிக்கத்தகாது. ஆங்கிலப் பருமனை அளவுகோலாகக் கொண்டு தமிழைத் தடிப்பாக்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஒவ்வோர் அளவுக்கும் எழுத்துகளைத் தனித்தனியே வார்த்து வைக்கவேண்டிய அச்சகத்துக்கு எழுத்தின் எண்ணிக்கையும் சுமையே. ஈரோட்டில் 1925-இல் தோன்றிய 'குடி அரசு' இதழில் பெரியார் 1935-இல் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை இக்கோணத்திலும் நோக்கவேண்டும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்கள் விலகின. தமிழக அரசு அதனை ஏற்றது 1978-இல்தான்.

இதற்கிடையே 1942-இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி', பெரிய தலைப்புகளாலும் கடைவாயில் சுவரொட்டிகளாலும் எழுத்துக்கூட்டிப் படிப்போரையும் செய்தியின்பால் ஈர்த்தது. கற்றோர் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆயினும் கொட்டை எழுத்தின் உயர்ந்த பயன் இதுவே.

கொங்கு நாட்டில் தேர்த்திருவிழாவுக்கும் மாட்டுச்சந்தைக்கும் அறிவிப்பு அவ்வெழுத்திலேயே அமைந்தது. கவியரங்க அழைப்பிதழிலும் தலைவர் பெயர் கொட்டை எழுத்தில் நிற்க, கவிஞர் பெயர்கள் கடுகெழுத்தில் ஒடுங்குவதுண்டு. அதனால் வரும் மனத்தாங்கலை மன்றங்கள் நன்கறியும். ஆயினும் கவிதையையே அவ்வெழுத்தில் கோக்கக் கவிஞர் எவரும் கேட்பதில்லை. நான்கடி கடப்பதற்குள் கண் களைத்துவிடும்.