ரேந்தைக் கட்டைகள் சொல்லும் வரலாறு



மலருக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். "லேஸ் பாபின்" என்றேன். "தையல் மெஷின்ல மாட்டுவோமே, அதுவா சார்?" என்றார் ஒரு தம்பி. அதுவல்ல. விரல் நீளத்தில், பென்சில் பருமனில், ஒரு முனையில் நூல் சுற்ற இடம் விட்டுக் கடைந்த சிறு கட்டை அது. மரத்திலும் இருக்கும், எலும்பிலும் இருக்கும். வைக்கோல் அடைத்த கெட்டித் தலையணை மேல், புள்ளி புள்ளியாகத் துளையிட்ட அட்டையை வைத்து, குண்டூசிகளை ஊன்றி, ஜோடி ஜோடியாகத் தொங்கும் இந்தக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவார்கள். அசைவுகள் இரண்டேதான்: குறுக்கே போடுவது, முறுக்குவது. அந்த இரண்டிலேயே பூவும் இலையும் கொடியும் வந்துவிடும். ஆசிரியர் வேலை போக மிஞ்சிய நேரத்தில் 40 ஆண்டுகளாக நான் தேடியலைந்தது இந்தக் கட்டைகளைத்தான்.

"லேஸ் எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரமாச்சே, நமக்கு என்ன?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தமிழில் அதற்கு ரேந்தை என்று பழைய சொல்லே இருக்கிறது. போர்த்துக்கீசிய மொழியின் 'ரெந்தா' நம் கடற்கரையில் இறங்கி ரேந்தை ஆனது. இலங்கையில் காலி, வெலிகம பக்கம் இந்த லேஸுக்கு 'பீரலு' என்று பெயர். அதுவும் பாபினைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லான 'பில்ரோ'விலிருந்து வந்ததே. சொல் நம்மிடம் தங்கிவிட்டது. பொருள்தான் கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கிறது.

இம்முறை நாம் ஏற்காட்டில் ஒன்றுகூடுகிறோம் அல்லவா? இந்தச் சேர்வராயன் மலையிலிருந்தே விஷயத்துக்கு வருகிறேன். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இங்கே காப்பி பயிரிட வழி செய்தவர் என்று ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'ஏற்காட்டின் தந்தை' என்றே அவருக்குப் பெயர். அதே 1820-களில், தெற்கே அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோவிலில் இன்னொரு தொழில் வேர் பிடித்தது. லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட் 1819-இல் அங்கே வந்தார். அவருடைய மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். காக்பர்ன் பெயர் சுற்றுலாக் கையேடுகளில் இருக்கிறது. மார்த்தாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதையும்விட முக்கியம், பின்னிய பெண்கள் யார் என்பது. பலர் மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே அடிமைப் பெண்களில் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1822-இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859-ஆம் ஆண்டு அரசுப் பிரகடனம் வரை நீண்டது. தன் மாரை மறைக்கத் துணி போடும் உரிமைக்குப் போராடிய சமூகத்துப் பெண்கள், யாரோ ஒரு சீமாட்டியின் கவுனுக்கு விளிம்பு பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பாடப் புத்தகம் எதுவும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். தாயிடம் கற்ற தொழிலை அந்தத் தேரிக்காட்டுப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 1856-இல் ஒப்பிலக்கண நூலை வெளியிட்ட கால்டுவெல்லுக்கு 1968-இல் மெரினாவில் சிலை வைத்தோம்; வைக்க வேண்டியதுதான். அதே வீட்டிலிருந்து கிளம்பிய இன்னொரு கல்வியை மறந்துவிட்டோம். பின்னாளில், 1897-இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியம் நாட்டு அன்னை மரி லூயிஸ் தெ மெஸ்டர் நிறுவிய கன்னியர் சபையும் அங்கே லேஸ் வேலையை வளர்த்தது.

சரி, ஒரு கட்டை என்ன சொல்லும்? கையில் எடுத்துப் பாருங்கள். கனம் குறைவா? அப்படியானால் மெல்லிய நூலுக்கு உரியது. கனமான கட்டை அந்த நூலை அறுத்துவிடும். நுனி கூராக வழவழவென்று இருக்கிறதா? அது இங்கிலாந்தின் ஹானிடன் வகை. பின்னிய கண்ணிக்குள் நுழைத்து எடுக்க வசதியாக அப்படிக் கடைந்தார்கள். அடியில் கம்பியில் கோத்த பாசிமணி வளையம் தொங்குகிறதா? பெட்ஃபோர்ட், பக்கிங்ஹாம் பக்கத்து வழக்கம். கட்டை உருளாமலும் நூல் விறைப்பாகவும் இருக்க அது உதவும். அந்தப் பக்கத்துக் கட்டைகளில் காதலன் பெயர், குழந்தையின் பிறந்த நாள், ஏன், 1860-இல் பெட்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்ட ஜோசப் காசில் என்பவனின் பெயர்கூட உண்டு! அங்கே ஆய்வாளர்கள் எழுத்தின் வடிவத்தை வைத்தே கடைந்தவர் யார் என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

எனக்குக் கிடைத்த நம் ஊர்க் கட்டைகளில் எழுத்து எதுவும் இல்லை. விரல் பட்டுப் பட்டுப் பளபளத்த இடம் உண்டு. கழுத்தில் நூல் அறுத்த தடம் உண்டு. பெயர் எழுதி வைக்காத பெண்களின் கையெழுத்து அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒருமுறை தென்கோடியில் ஒரு வீட்டில் பாட்டியின் தலையணை இருப்பதாகக் கேள்விப்பட்டு, மூன்று பஸ் மாறிப் போனேன். "பஞ்சை எடுத்து மெத்தைக்குப் போட்டோம், கட்டையெல்லாம் போன பொங்கலுக்கு அடுப்புல வச்சிட்டோமே சார்" என்றார் அந்த வீட்டு அம்மா. அவரைக் குறை சொல்ல முடியுமா? அதன் மதிப்பை அவருக்கு யாரும் சொல்லவில்லையே. எனக்கும் வயதாகிவிட்டது. என் வீட்டிலும் ஒருநாள் அலமாரியைக் காலி செய்வார்கள். ஆகவேதான் என் பெட்டியையும் குறிப்பேடுகளையும் கல்லூரி நூலகத்துக்கே கொடுத்துவிட எண்ணியிருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பொறுப்பேற்கும் மாணவரோ மாணவியோ முதலில் லேஸ் பின்னக் கற்றுக்கொள்ளட்டும். தலையணை முன் உட்காராமல் கட்டையைப் படிக்க முடியாது.

தேடிப் போகும் இளையவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய கட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். கழுத்தில் மிச்சமிருக்கும் நூலை அவிழ்க்காதீர்கள், அதுவும் சாட்சி. துளையிட்ட அட்டை கிடைத்தால் கட்டைகளோடு சேர்த்தே வையுங்கள். எந்த ஊர், எந்த வீடு, எந்தத் தேதி என்று அன்றே சீட்டெழுதிக் கட்டுங்கள். பின்னத் தெரிந்த பாட்டி யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் முகத்தைவிடக் கைகளை அதிகம் படம் பிடியுங்கள். இப்போதுதான் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே! கடைசியாக, அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'ஒரு மூதாட்டி' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். 200 ஆண்டுகளாக அப்படி எழுதியது போதும்.

ஏற்காட்டில் காப்பி குடிக்கும்போது காக்பர்னை நினைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. கூடவே, பெயர் தெரியாத அந்த நாகர்கோவில் பெண்களையும் ஒரு நிமிடம் நினையுங்கள். இந்தப் பெட்டியை வாங்கிக்கொள்ள உங்களில் ஒரு கை நீண்டால் போதும், இந்தக் கிழவனுக்கு அதுவே பெரிய நிறைவு.