ஒரே கணிதம், பல தளங்கள்: கட்டற்ற குறியாக்க நூலகப் பராமரிப்பும் தென்காசியின் பங்கும்

1. ஆய்வுப் பொருள்

சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கும் கடைகளில் கியூஆர் அட்டை தொங்குகிறது. பணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும் கைப்பேசிக்கும் வங்கிக் கணினிக்கும் இடையே செய்தி குறியாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. அந்த வேலையைச் செய்யும் நிரல்தொகுதியைக் குறியாக்க நூலகம் என்கிறோம். வாங்குபவரிடம் இருப்பது புதிய ஐபோனாக இருக்கலாம். விற்பவரிடம் இருப்பது பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியாக இருக்கலாம். மறுமுனையில் லினக்ஸ் சர்வரோ ஐபிஎம் பெருங்கணினியோ இருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே விடை வர வேண்டும். ஒரே அளவு பாதுகாப்பும் கிடைக்க வேண்டும்.

இவ்வாறு ஒரு நூலகத்தைப் பல தளங்களில் இயங்கச் செய்வதையே போர்ட்டிங் என்கிறார்கள். கணிதம் சரியென்று நிறுவப்பட்ட பிறகும், பாதுகாப்பை ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியே நிறுவியாக வேண்டும். சில்லும் கம்பைலரும் மாறும்போதெல்லாம் மறுபடியும் நிறுவ வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஓபன்எஸ்எஸ்எல் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. நூலகமும் அதன் கிளைகளும்

எரிக் யங், டிம் ஹட்சன் இருவரும் 1990களின் நடுவில் எழுதிய எஸ்எஸ்எல்இஏ என்ற நிரலிலிருந்து 1998 இறுதியில் ஓபன்எஸ்எஸ்எல் பிறந்தது. இணையத்தின் பெரும்பாலான சர்வர்கள் அதையே நம்பின. 2014இல் அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஓபன்பிஎஸ்டி குழு லிப்ரெஎஸ்எஸ்எல்லை உருவாக்கியது. கூகுள் போரிங்எஸ்எஸ்எல்லை உருவாக்கியது.

இந்தக் கிளை வரலாறு தென்காசியையும் தொடுகிறது. மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலா உலாவி, கட்டற்ற உலாவி நிரலான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டது. குரோமியம் போரிங்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்துகிறது. நம் ஊர்ப் பெயர்ப்பலகையோடு வரும் மென்பொருளுக்கும் அடித்தளம் உலகப் பொதுச்சொத்தான இந்த நிரலே.

குற்றாலம் பேரருவியில் மேலிருந்து வரும் வெள்ளம் முதலில் பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் தணிகிறது. அதன் பிறகே குளிப்பவர் தலைமீது இறங்குகிறது. நல்ல நூலகம் செய்வதும் அதுவே. தளங்களின் வேறுபாடுகளைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, மேலே செயலி எழுதுபவருக்கு ஒரே சீரான முகத்தைக் காட்டுகிறது. அந்த வேறுபாடுகள் எவை என்பதை அடுத்த பகுதி வகைப்படுத்துகிறது.

3. போர்ட்டிங்கின் நான்கு இடர்கள்

3.1 எண்களைப் படிக்கும் முறை

எஸ்எச்ஏ-256 நான்கு பைட்டுகளைப் பெரிய இலக்கம் முன்வர ஓர் எண்ணாகப் படிக்கிறது. சாச்சா20 சிறிய இலக்கம் முன்வரப் படிக்கிறது. சில்லுகளும் இப்படியே வேறுபடுகின்றன. இன்டெல் சில்லுகளும் கைப்பேசிகளின் ஆர்ம் சில்லுகளும் ஒரு வரிசையில் எண்களைச் சேமிக்கின்றன. ஐபிஎம் பெருங்கணினிகள் எதிர் வரிசையில் சேமிக்கின்றன. சி மொழியின் ‘லாங்’ வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட். ‘கேர்’ வகை இன்டெல் லினக்ஸில் குறை எண்களை ஏற்கும். ஆர்ம் லினக்ஸில் ஏற்காது.

இவ்வகைப் பிழைகள் பெரும்பாலும் உடனே வெளிப்படும். விடை தெரிந்த சோதனைக் கணக்கை ஓட்டினாலே விடை தவறிவிடும். விடை சரியாக வந்தும் பாதுகாப்பு போய்விடும் இடங்களே அஞ்சத்தக்கவை.

3.2 ரெஜிஸ்டர் மரபு

2023 செப்டம்பரில் ஓபன்எஸ்எஸ்எல் அறிவித்த ஒரு பிழை இதற்குத் தெளிவான சான்று. செய்தி இடையில் மாற்றப்படவில்லை என்பதற்கு முத்திரை கணக்கிடும் முறை பாலி1305. ஏவிஎக்ஸ்512-ஐஎஃப்எம்ஏ வசதியுள்ள புதிய சில்லுகளுக்காக அது அசெம்பிளியில் எழுதப்பட்டிருந்தது. விண்டோஸ் மரபுப்படி, அழைக்கப்படும் நிரல், சில்லின் உள்நினைவிடங்களான எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களில் ஆறு முதல் பதினைந்து வரையுள்ளவற்றைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். லினக்ஸில் அந்தக் கடமை இல்லை. 64 பைட்டுக்கு மேற்பட்ட செய்தியைக் கணக்கிடும்போது இந்த நிரல் அவற்றைச் சேமிக்காமல் பூஜ்யமாக்கிவிட்டுத் திரும்பியது. முத்திரை சரியாகவே இருந்தது. அழைத்த செயலியின் கையில் இருந்த எண்கள் அழிந்துபோயின.

2024 ஜனவரியில் இதே பாலி1305 பவர்பிசி சில்லுகளிலும் சிக்கியது. அங்கே ரெஜிஸ்டர்கள் சேமித்த வரிசையில் அல்லாமல் வேறு வரிசையில் மீட்கப்பட்டிருந்தன. அதற்கு முன் 2022இல், 3.0.4 பதிப்பின் 2048 பிட் ஆர்எஸ்ஏ கணக்கு, ஏவிஎக்ஸ்512-ஐஎஃப்எம்ஏ உள்ள சில்லுகளில் மட்டும் நினைவகத்தைக் கெடுத்தது. அந்த வசதி இல்லாத மடிக்கணினியில் எத்தனை முறை சோதித்தாலும் அந்தப் பிழை தென்பட்டிருக்காது.

3.3 தற்போக்கு எண்கள்

சாவிகள் யாராலும் ஊகிக்க முடியாத எண்களிலிருந்து பிறக்க வேண்டும். அந்த எண்களை ஒவ்வோர் இயங்குதளமும் தன் வழியில் தருகிறது. 2006இல் டெபியன் லினக்ஸின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், நினைவகச் சோதனைக் கருவி எச்சரித்ததை நிறுத்துவதற்காக நிரலின் வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, தற்போக்குத் தன்மையை ஊட்டிய வரி. மிஞ்சியது புராசஸ் எண் மட்டுமே. அதற்கு அதிகபட்சம் 32,768 மதிப்புகள்தாம். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டறிந்து சொல்லும்வரை அந்தப் பொதியால் உருவான சாவிகள் எல்லாம் ஊகிக்கத்தக்கவையாக இருந்தன. மூல நூலகத்தில் குறையில்லை; ஒரு தளத்துக்குப் பொதி கட்டும்போது குறை நுழைந்தது.

3.4 நேரம்

கணக்குக்கு ஆகும் நேரம் இரகசியத்தைப் பொறுத்து மாறினால், நேரத்தை அளப்பவர் இரகசியத்தை அறிந்துவிடலாம். அதனால் தேர்ந்த நிரலர்கள் இரகசியத்தின்மேல் ‘இஃப்’ வைப்பதில்லை. கைபர் என்ற குவாண்டம்-எதிர்ப்பு முறையில், இரகசியச் செய்தியின் ஒரு பிட் 1 என்றால் 1665, இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டிய இடம் உண்டு. மாதிரி நிரல் அந்தப் பிட்டின் குறை மதிப்பை எடுக்கிறது. பிட் 0 என்றால் எல்லாம் பூஜ்யம். 1 என்றால் எல்லாப் பிட்டும் ஒன்று. அதை 1665உடன் ‘அண்ட்’ செய்தால் விடை கிடைக்கிறது. எங்கும் கிளை பிரியவில்லை.

ஆனால் கிளாங் கம்பைலரின் சில பதிப்புகள், குறிப்பிட்ட அமைப்புகளில், இங்கே இரண்டே மதிப்புகள்தாம் சாத்தியம் என்று கண்டுகொண்டு, வேகத்துக்காகத் தாமே ஒரு கிளையை நுழைத்தன. 2024இல் வெளியான இந்தக் குறைபாடு சில நிமிடங்களில் சாவியைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது. எழுதியவர் தவறவில்லை, கணிதமும் தவறவில்லை. எழுதியவருக்கும் சில்லுக்கும் நடுவே நின்ற கம்பைலர் பாதுகாப்பைக் கழற்றிவிட்டது.

சில்லும் இதில் பங்கு வகிக்கிறது. ஏஇஎஸ் முறையை அட்டவணை கொண்டு எழுதினால் கேஷ் நினைவகம் வழியே சாவி கசியும் என்று டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005இல் காட்டினார். ஏஇஎஸ் கட்டளைகள் சில்லிலேயே இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். ராஸ்பெரி பை 5இல் அவை உண்டு. பை 4இல் இல்லை. கார்டெக்ஸ்-ஏ7 போன்ற எளிய சில்லுகளிலும் இல்லை. அப்படிப்பட்ட மலிவு விலைக் கைப்பேசிகளின் சேமிப்பகத்தைக் காக்கவே கூகுள் 2019இல் அடியான்டம் முறையை வெளியிட்டது. விலையுயர்ந்த கருவிக்குக் கிடைக்கும் காப்பு எளியவர் கருவிக்கும் கிடைக்க வேண்டும் என்றால், யாராவது அந்த எளிய கருவியை மேசைமேல் வைத்து உழைத்தாக வேண்டும்.

4. பராமரிப்பவர் யார்?

2012 மார்ச்சில் வெளியான ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 பதிப்பில் இருந்த ஹார்ட்பிளீட் பிழை 2014 ஏப்ரல் 7 அன்று உலகுக்குத் தெரிந்தது. ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தை அது அள்ளிக் கொடுத்தது. அதற்கு முன்பு ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். கோடிக்கணக்கானோரின் வங்கிக் கணக்கைக் காத்த நிரலுக்கு உலகம் செய்த கைம்மாறு அவ்வளவே. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு லினக்ஸ் அறக்கட்டளை நிதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இந்தியாவிலும் 2024இல் ஜெரோதா நிறுவனம், கட்டற்ற மென்பொருளுக்கென ஆண்டுக்கு 10 இலட்சம் டாலர் வழங்கும் நிதியை அறிவித்தது.

பணத்தோடு காலமும் ஒரு சுமை. 1.1.1 பதிப்புக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்தது. அதை நம்பியிருந்த செயலிகள் 3.x வரிசைக்கு மாற வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு, கைபரிலிருந்து உருவான எம்எல்-கெம் உள்ளிட்ட மூன்று குவாண்டம்-எதிர்ப்புத் தரங்களை வெளியிட்டது. மேலே சொன்ன நான்கு இடர்களையும் புதிய நிரலோடு தளந்தோறும் மறுபடி சந்திக்க வேண்டிய காலம் இது.

5. தென்காசி செய்யக்கூடியது

2019இல் தனி மாவட்டமான தென்காசியில் நிரல் எழுதக் கற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மத்தளம்பாறை அதற்குச் சான்று. குறியாக்க முறையைப் புதிதாகக் கண்டுபிடிக்க ஆழ்ந்த கணிதப் பயிற்சி வேண்டும். போர்ட்டிங்கைச் சோதிக்க வேண்டியவை பொறுமை, கருவிகள், ஒழுங்கு. மூன்று பணிகளை முன்மொழியலாம்.

முதலாவது, பழைய கைப்பேசிச் சோதனைக்கூடம். பழுது பார்க்கும் கடைகளில் கிடக்கும் 32 பிட் ஆர்ம் கைப்பேசிகளைச் சேர்த்து, ஒவ்வொரு புதிய பதிப்பையும் அவற்றில் ஓட்டி, கூகுள் தொடங்கிய வைச்சிபுரூஃப் தொகுப்பு போன்ற சோதனைகளின் முடிவை மூலத் திட்டத்துக்கு அனுப்பலாம்.

இரண்டாவது, கம்பைலர் காவல். புதிய கம்பைலர் வந்தவுடன் உருவான இயந்திர நிரலைத் திறந்து, இரகசியத்தின்மேல் கிளை பிரிகிறதா என்று பார்க்கலாம். இரகசியத்தை ‘மதிப்பிடப்படாத நினைவகம்’ என்று குறித்துவிட்டு வால்கிரைண்ட் கருவியை ஓட்டினால், கிளை பிரியும் இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். ஆடம் லாங்லி 2010இல் கையாண்ட வழி இது.

மூன்றாவது, ரிஸ்க்-ஃபைவ். சென்னை ஐஐடியின் சக்தி சில்லுகள் இந்தத் திறந்த கட்டமைப்பில் உருவானவை. குறியாக்கத்துக்கான ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகள் 2021இல் ஏற்கப்பட்டன. இரகசியத்தைப் பொறுத்து நேரம் மாறாது என்று சில கட்டளைகளுக்கு உறுதி தரும் விதியும் அவற்றில் உண்டு. நம் சில்லுகளுக்கு நூலகங்களைச் செம்மையாகப் போர்ட்டிங் செய்வது நாம் முதலில் ஏற்க வேண்டிய பொறுப்பு.

6. முடிவு

போர்ட்டிங் இடர்களுக்கு இங்கே கண்ட சான்றுகள் ஒவ்வொன்றிலும் சூத்திரம் பழுதின்றி இருந்தது. குறை சில்லிலோ சில்லுக்கென எழுதிய நிரலிலோ கம்பைலரிலோ இயங்குதள மரபிலோ பொதி கட்டுவதிலோ நுழைந்தது. ஆகவே ‘எங்கள் கணினியில் சரியாக ஓடுகிறது’ என்பது குறியாக்க நூலகத்துக்குச் சான்றாகாது. எந்தத் தளத்தில் யாரும் சோதிக்கவில்லையோ அந்தத் தளத்தில் பாதுகாப்பு வெறும் நம்பிக்கை மட்டுமே. நம் மக்கள் பெருமளவில் பயன்படுத்தும் கருவிகளை நம்மைத் தவிர வேறு யாரும் முனைந்து சோதிக்கப் போவதில்லை. அந்தக் கருவிகள் நம்மிடம் இருக்கின்றன. நிரலும் திறந்தே இருக்கிறது. தென்காசி இந்தப் பணியில் இறங்க வேறு அனுமதி எதுவும் தேவையில்லை.