செவ்வாயில் மனிதன்: கனவும் கணக்கும்

வானில் ஒளிரும் கோள்களுக்கு மனிதன் சென்று வாழ இயலுமா என்பது நம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் எழும் வினாவாகும். இயலும் என்று அறுதியிட்டுக் கூறுவோர் உளர்; வீண் கனவு என்று தள்ளுவோரும் உளர். இம்முயற்சியின் வரலாற்றை நாம் நிதானமாக ஆராய்வோமாயின், உண்மை இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பதைக் காணலாம். வெள்ளியின் தரை ஈயத்தையும் உருக்கும் வெப்பமுடையது. வியாழனுக்கும் சனிக்கும் நிற்பதற்குத் தரையே இல்லை. மனிதன் கால் வைக்க ஓரளவேனும் தகுந்த கோள் செவ்வாயே. ஆகவே அதனையே இக்கட்டுரைக்குப் பொருளாகக் கொள்கிறோம்.

ஆசிரியர் போட்ட கணக்கு

விண்வெளிப் பயணத்தின் அடிப்படைக் கணக்கைப் போட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நம்மனோர்க்கு மகிழ்வூட்டும் செய்தியாகும். ரஷ்ய நாட்டில் 1857 ஆம் ஆண்டில் பிறந்த சியோல்கோவ்ஸ்கி, பத்து வயதளவில் காய்ச்சலுக்கு ஆளாகிச் செவிப்புலனைப் பெரிதும் இழந்தார். பள்ளிப் படிப்பைத் தொடர இயலாமல், நூலகத்தில் அமர்ந்து தாமே கற்றார். பின்னர்க் கலூகா நகரில் ஆசிரியராகப் பணியாற்றினார். இராக்கெட்டின் வேகத்திற்கும் எரிபொருளுக்கும் உள்ள தொடர்பை 1903 இல் அவர் வெளியிட்டார். வேகம் சிறிது கூடினாலும் எரிபொருள் மடங்கு மடங்காகப் பெருகவேண்டும் என்பதே அதன் சாரம்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2013 நவம்பரில் ஏவப்பட்டு, 2014 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மங்கள்யான் கலத்தின் எடை 1,337 கிலோ. அதில் 852 கிலோ எரிபொருளே ஆகும். அக்கலம் தரையில் இறங்கவுமில்லை, திரும்பி வரவுமில்லை. மனிதனோ இறங்கவேண்டும், உண்ணவேண்டும், மூச்சு விடவேண்டும், பின்னர் வீடு திரும்பவும் வேண்டும். அவனுக்கு எத்துணை எரிபொருள் வேண்டும் என்பதை மாணவர்களே கணித்துப் பார்க்கலாம்.

திட்டங்களின் வரலாறு

செவ்வாய்ப் பயணத்திற்கு முதன்முதலாக விரிவான பொறியியல் திட்டம் வகுத்தவர் ஜெர்மானியரான வெர்னர் வான் பிரவுன் ஆவார். 1952 இல் வெளிவந்த அவருடைய நூல் 10 கலங்களையும் 70 பேரையும் அனுப்பத் திட்டமிட்டது. அதற்கான பொருள்களைப் புவியின் சுற்றுப்பாதைக்கு ஏற்றவே 950 இராக்கெட் பயணங்கள் தேவை என்று அவர் கணக்கிட்டார். சிறகுடைய கலங்கள் செவ்வாயின் காற்றில் மிதந்து இறங்கும் என்றும் கருதினார். 1965 இல் மாரினர்-4 என்னும் ஆளில்லாக் கலம் அக்கோளை அணுகிச் சென்றபோது, அங்குள்ள காற்றின் அழுத்தம் நம் காற்றில் நூறில் ஒரு பங்கும் இல்லை என்பது தெளிவாயிற்று. சிறகுக் கலங்கள் ஏட்டளவில் நின்றன.

அம்மெல்லிய காற்று இன்றும் தொல்லையாகவே உள்ளது. கலத்தைச் சுடுமளவுக்கு அஃது உண்டு. வேகத்தை முற்றும் தணிக்குமளவுக்கு இல்லை. 2021 இல் அங்கு இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் எடை ஏறத்தாழ 1,025 கிலோ. அதனை இறக்க வெப்பக் கவசம், பெரிய பாராசூட், எதிர்விசை இராக்கெட்டுகள், தொங்கவிடும் கயிறுகள் ஆகிய அனைத்தும் வேண்டியிருந்தன. மனிதர் தங்குவதற்கோ இதனினும் பன்மடங்கு எடையை இறக்கியாகவேண்டும்.

1969 இல் மனிதன் நிலவில் கால் வைத்தவுடன், 1981 இல் செவ்வாய்க்குப் புறப்படலாம் என வான் பிரவுன் அமெரிக்க அரசிடம் திட்டம் அளித்தார். நிக்ஸன் அரசு அதனை ஏற்கவில்லை. 1972 இல் விண்வெளி ஓடத் திட்டத்திற்கே ஒப்புதல் தந்தது. 1989 இல் குடியரசுத் தலைவர் புஷ் மீண்டும் செவ்வாயைக் குறிக்கோளாக அறிவித்தார். செலவு ஏறத்தாழ 50,000 கோடி டாலர் ஆகும் என மதிப்பிடப்பட்டதும் அத்திட்டமும் மறைந்தது.

உடலும் உயிர்மூச்சும்

செவ்வாய்க்குச் செல்ல ஆறு முதல் ஒன்பது திங்கள் ஆகும். தகுந்த நேரம் 26 திங்களுக்கு ஒருமுறையே வாய்ப்பதால், அங்குக் காத்திருந்து திரும்ப மொத்தம் இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் கழியும். ஒரு வினா அனுப்பி விடை பெறவே முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். நோயுற்றால் புவியிலிருந்து உதவி செல்லாது.

எடையற்ற நிலையை உடல் நெடுங்காலம் தாங்குமா என்னும் ஐயத்தை ரஷ்ய மருத்துவர் பொல்யகோவ் 1994-95 இல் 437 நாட்கள் தொடர்ந்து விண்ணில் வாழ்ந்து பெரிதும் போக்கினார். கதிர்வீச்சோ கடினமான தடை. கியூரியாசிட்டி ஊர்தி தன் பயணத்தில் அளந்தவாறு கணக்கிட்டால், போய்வரும் வழியில் மட்டும் ஒருவர் ஏறத்தாழ 660 மில்லிசீவர்ட் பெறுவார். புவியில் இயற்கையாக நாம் பெறுவது சராசரியாக ஆண்டுக்கு 2.4 மட்டுமே; அதாவது 275 ஆண்டுகளுக்குரியதை ஓராண்டளவில் ஏற்கவேண்டும்.

மூச்சுக்காற்றின் நிலை என்ன? 1991 இல் அமெரிக்காவின் அரிசோனாவில் மூடிய கண்ணாடிக் கூடத்துள் எட்டுப் பேர் ஈராண்டு வாழப் புகுந்தனர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பிராணவாயுவை உண்டமையால், அதன் அளவு 21 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. வெளியிலிருந்து செலுத்த நேர்ந்தது. செவ்வாயில் அவ்வாறு செலுத்துவார் யார்? பெர்சிவரன்ஸில் இருந்த ஒரு கருவி 2021 முதல் 2023 வரை அங்குள்ள கரியமிலவாயுவிலிருந்து 122 கிராம் பிராணவாயுவைப் பிரித்தது. ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கே 800 கிராமுக்கு மேல் வேண்டும். வழி பிறந்துள்ளது, பயணம் நெடிது.

எவருடைய உழைப்பு, எவருக்குப் பயன்?

இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் நம் சமுதாயத்தார் படித்தல் வேண்டும். வான் பிரவுனின் வி-2 இராக்கெட்டுகள் இரண்டாம் உலகப் போரில் மிட்டல்பாவ்-டோரா முகாம் கைதிகளின் கட்டாய உழைப்பால் செய்யப்பட்டன. அங்கு அடைபட்ட ஏறத்தாழ 60,000 பேரில் 20,000 பேர் மாண்டனர். நிலவை நோக்கிய பாதை அச்சுரங்கங்களின் வழியாகவும் சென்றது.

அப்பல்லோ-11 புறப்படுவதற்கு முதல் நாள், 1969 ஜூலை 15 இல், கறுப்பின மக்களின் தலைவர் ரால்ஃப் அபர்நாத்தி ஏழைக் குடும்பங்களுடனும் கோவேறு கழுதை வண்டிகளுடனும் ஏவுதளத்தின் அருகே வந்து நின்றார். நாட்டில் பலர் பசித்திருக்கையில் இச்செலவு முறையா என வினவினார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். ஏவாமல் விடுவதால் வறுமை தீருமெனில் ஏவமாட்டோம் என விடையளித்தார். அபர்நாத்தி விண்வெளி வீரருக்காக வேண்டிக்கொள்ள இசைந்தார். தம் கோரிக்கையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே நாட்டில் 1953 இல் கேதரின் ஜான்சன் என்னும் கறுப்பினப் பெண்மணி கணக்கராகப் பணியேற்றார். அந்நாளில் அங்குக் கறுப்பினப் பெண்டிர்க்குத் தனிப் பிரிவு, தனி உணவு மேசை, தனிக் கழிப்பறை. எனினும் 1962 இல் ஜான் கிளென் புவியைச் சுற்றப் புறப்படுமுன், பொறி போட்ட கணக்கை அவ்வம்மையார் சரிபார்க்கவேண்டும் என்று கேட்டார்.

நமது முடிவு

செவ்வாயை அடைவதை எந்த இயற்கை விதியும் தடுக்கவில்லை. ஆயினும் மனிதரைப் பாதுகாப்பாக அனுப்பித் திருப்பிக் கொணரும் ஆற்றல் இன்று எந்நாட்டிடமும் இல்லை. புவி பாழானால் அங்குக் குடியேறலாம் என்பது பேதைமை. இங்கு நீரையும் காற்றையும் காப்பது அதனினும் பன்மடங்கு எளிது. ஆளில்லாக் கலங்களால் அறிவைப் பெருக்குவதே இப்போதைக்குத் தக்க வழியாகும்.

செலவிடலாமா, எவர் செல்வது, எவருடைய உழைப்பால் என்னும் முடிவுகளை எடுக்கும் அவைகளில் நம் மக்களும் அமரவேண்டும். அவ்விருக்கைக்குக் கணக்கும் இயற்பியலும் வேண்டும். ஆகவே, இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வி விளக்கேந்தி நிற்கும் நம் சங்கம், இனிவரும் ஆண்டுகளில் ஒவ்வொரு மாலைப் பாடசாலையிலும் கணிதத்திற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கவேண்டும் எனப் பணிவுடன் வேண்டுகிறோம்.