கையெழுத்துப் போட்டிருந்தால்...

வேலையில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ஆங்கிலக் குறிப்பு ஒன்றில் "இஃப் தி சாங்ஷன் வில் பி ரிசீவ்ட்" என்று ஒரு வரி. கண்காணிப்பாளர் 'வில்'லைச் சிவப்பு மையால் சுழித்து, "தம்பி, இஃப் பக்கத்தில் வில் வரக்கூடாது" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பள்ளியில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில் படித்தவன் நான். பிரெஞ்சிலும் இதே விதிதான். 'சி' என்ற சொல்லுக்குப் பின்னால் எதிர்காலம் வராது.

அன்று இரவு உட்கார்ந்து நிபந்தனை வாக்கியங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். நடக்கக்கூடியது, சும்மா நினைத்துப் பார்ப்பது, நடக்காமலே போனது. உதாரணம் தேட வெளியே போக வேண்டியிருக்கவில்லை. நம் புதுச்சேரியின் சரித்திரமே நிபந்தனை வாக்கியங்களால் ஆனது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி ஊர் இன்னும் பிரான்சுடையதுதான். 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் எனக்கு மனப்பாடம். மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காவிட்டால் பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்பது ஒன்று. 1965-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது, தமிழ் அந்த இடத்துக்கு வந்தது.

மற்றது வீட்டுக்குள் வந்த நிபந்தனை. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் மட்டும் பிரெஞ்சுக் குடியுரிமை நிலைக்கும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. திண்ணையில் அந்த ஆறு மாதமும் 'ஆல்' விகுதிப் பேச்சுத்தான். "எழுதிக்கொடுத்தால் அங்கே போகச் சொல்வார்களோ?" "கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்குமோ?" பட்டாளத்தில் இருந்த சொல்தாக்களுக்கு யோசனை தேவைப்படவில்லை, போய் எழுதிக்கொடுத்தார்கள். அப்பா பட்டாளத்துக்காரர் இல்லை. "இந்த மண்ணில் இருந்துகொண்டு எதற்கு வேறு தேசத்துக் காகிதம்?" என்பார் ஒருநாள். "பிள்ளைகள் படிப்புக்கு உதவுமே" என்பார் மறுநாள். 1963 பிப்ரவரி நடுவில் கெடு முடிந்தது. அப்பா போகவில்லை.

பிறகு தெருவில் சில வீடுகள் மாடி ஏறின. சில வீட்டுப் பிள்ளைகள் பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்தார்கள். அப்போதெல்லாம் அம்மா சொல்வது ஒரே வாக்கியம்: "அன்னிக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா..." அதற்கு மேல் முடிக்கமாட்டாள். அப்பா பதில் சொன்னதே இல்லை.

இலக்கணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நடக்காததைச் சொல்ல ஆங்கிலமும் பிரெஞ்சும் இறந்தகால வடிவத்தைத்தான் பிடிக்கின்றன. நம் தமிழிலும் 'வந்தான்' என்பதில் உள்ள அதே 'வந்த்' தான் 'வந்தால்' என்பதிலும் இருக்கிறது. பழந்தமிழில் 'வரின்' என்று வேறு வடிவம் இருந்தது. தொல்காப்பியம் 'செயின்' என்று அதைச் சொல்கிறது. நாளை வரப்போகிறவரைக்கூட இன்று நாம் இறந்தகாலத்தை வைத்துத்தான் 'வந்தால்' என்கிறோம்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அம்மாவின் வாக்கியத்தை ஆங்கிலத்தில் முழுதாக எழுதிப் பார்த்தேன். 'இஃப் ஹி ஹாட் சைன்ட்' வரை பிழையில்லாமல் வந்தது. 'வுட் ஹாவ்' என்று தொடங்கி யோசித்தேன். பிரெஞ்சு பென்ஷன் வந்திருக்கும். இந்தத் தெரு, இந்த வேலை, என் மனைவி, பிள்ளைகள் எதுவும் வந்திருக்காது. பேனாவை மூடி வைத்தேன். இப்போது தோன்றுகிறது, அப்பாவும் அந்த வாக்கியத்தை மனதுக்குள் முடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்திருப்பார்.