டிவிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கணினி

ஓசூரில் மொபெட் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள். ஆனால் கணினிக்கு நல்ல விலையில் ஒரு ராம் வேண்டுமென்றால் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போவதுதான் வெகுகாலம் வழக்கம். சுமார் 40 கிலோமீட்டர். சென்னை ரிச்சி தெரு 300 கிலோமீட்டருக்கும் மேல். மலிவான குட்டிக் கணினி என்ற கனவும் இந்த இரண்டு ஊர்களிலும்தான் முளைத்தது. இரண்டுமே தேறவில்லை என்பது வேறு விஷயம்!

முதலில் பெங்களூர். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து 2001ல் சிம்ப்யூட்டரை அறிவித்தார்கள். லினக்ஸில் ஓடும் கையடக்கக் கணினி. 2004ல் அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தபோது தொடக்க விலை 9,950 ரூபாய். 50,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள், சில ஆயிரத்தோடு நின்றுவிட்டது.

அடுத்தது சென்னை. ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் ராஜேஷ் ஜெயினும் அனலாக் டிவைசஸ் நிறுவனர் ரே ஸ்டாட்டாவும் பின்னணியில் இருந்த நோவாட்டியம், நெட்பிசி என்ற சின்னப் பெட்டியைச் செய்தது. ஏறக்குறைய 100 டாலர் என்று பேசப்பட்டது. வீட்டுப் பெட்டியில் பெரிய செயலி கிடையாது. வேலையெல்லாம் தொலைவில் உள்ள சர்வரில் நடக்கும், படம் மட்டும் திரைக்கு வரும். வீட்டு டிவியையே திரையாக்கும் நெட்டிவி என்ற வடிவமும் வந்தது. யோசித்துப் பார்த்தால், இன்றைய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் கிட்டத்தட்ட இதே தத்துவம்தான்.

பிறகு ஏன் எடுபடவில்லை? பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் பெரிய காரணம் கம்பியில் இருந்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தபோது வேகம் 256 கே.பி.பி.எஸ். தொடக்கத் திட்டத்தில் மாதத்துக்கு 400 எம்.பி. மட்டுமே. ஒரு சிடியில் அடங்கும் படம் 700 எம்.பி. அதாவது ஒரு முழுப் படத்துக்கு ஒரு மாத ஒதுக்கீடே போதாது! பின்னர் சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது என்றார்கள். 256 வேகத்தில் 700 எம்.பி. இறங்க ஆறு மணி நேரம் ஆகும். ஆக, ஒரு ராத்திரிக்கு ஒரு படம். அந்தக் காலத்து 'ஹோம் தியேட்டர் கணினி' ஓடையில் பார்க்கும் கருவி அல்ல, குடத்தில் பிடித்து வைக்கும் கருவி. (பிடித்ததில் எத்தனை முறையானது என்பதை இங்கே கிளற வேண்டாம்.) 2007ல் வேகம் 2 எம்.பி.பி.எஸ். வரை ஏறிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

மென்பொருள் வேறு திசையிலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியைப் பூட்டுடைத்து, 733 மெகாஹெர்ட்ஸ் செயலியிலும் 64 எம்.பி. ராமிலும் படம் ஓட்ட ஆர்வலர்கள் எழுதியதுதான் எக்ஸ்.பி.எம்.சி. 2014ல் அதற்குக் கோடி என்று பெயர் மாறியது. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு ராஸ்ப்பெர்ரி பை வந்ததும் இரண்டும் ஜோடி சேர்ந்தன. 700 மெகாஹெர்ட்ஸ் செயலி நோஞ்சான்தான். ஆனால் வீடியோவை விரிக்கும் வேலையைத் தனியாகச் செய்யும் பகுதி அதே சில்லில் இருந்ததால் 1080பி படம் தடுமாறாமல் ஓடியது. டிவிடி வகை எம்.பெக்-2 படங்களுக்கு மட்டும் உரிமச் சாவி தனியாக வாங்க வேண்டும், 2.40 பவுண்டு.

இன்னொரு சமாச்சாரம். அந்த முதல் பையில் எச்.டி.எம்.ஐ. தவிர, மஞ்சள் நிற ஆர்.சி.ஏ. துளையும் இருந்தது. 2006 செப்டம்பரில் தொடங்கி தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி போன்ற பழைய குழாய் டிவியிலும், ஏ.வி. உள்ளீடு இருந்தால், அதை நேராகச் செருகலாம். திரைக்கென்று தனிச் செலவு இல்லை. நோவாட்டியம் கண்ட கனவின் பாதி இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தது.

மீதிப் பாதி 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோவோடு வந்தது. டேட்டா விலை சரிந்தது. அதே ஆண்டு ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவுக்கு வந்திருந்தது. இனி கைக்கணினிகளின் பொற்காலம் என்று தோன்றும், இல்லையா? நடந்தது நேர்மாறு. காசு கொடுத்துப் பார்க்கும் சேவைகள் தெளிவான படத்தைச் சான்று பெற்ற கருவிகளுக்கு மட்டுமே அனுப்பின. எஸ்.பி. ரோட்டில் உதிரி வாங்கிச் சேர்த்த லினக்ஸ் பெட்டிக்கு அந்தச் சான்று கிடையாது. 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கு வந்த ஃபயர் டிவி ஸ்டிக்குக்கு உண்டு.

அதோடு புதுப்படம் பார்ப்பவர்கள் ஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். பழைய பையில் மிஞ்சியது கல்யாண டிவிடிகள்தான். அதற்கும் அந்த 2.40 பவுண்டு சாவி வேண்டும்.