குமரகுருபரர் அஞ்சு வயசுலதான் பேசினார், அதனால...?

எங்க திருநெல்வேலிப் பக்கம் ரெண்டு மூணு வயசாகியும் ஒரு பிள்ளை பேசலைன்னா, பெரியவங்க கைவசம் ஒரு கதை தயாரா இருக்கும். ஸ்ரீவைகுண்டத்துல பிறந்த குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசலை. பெத்தவங்க திருச்செந்தூருக்குத் தூக்கிட்டுப் போனாங்க. முருகன் அருளால பேச்சு வந்து, வந்த வேகத்துல கந்தர் கலிவெண்பா பாடினார். பதினேழாம் நூற்றாண்டுக் கதை. (கொஞ்சம் படிச்ச வீடா இருந்தா கூடவே ஐன்ஸ்டீனையும் சேர்த்துக்குவாங்க.)

சங்கரன்கோவில்ல எங்க வீட்டுலயும் இந்தக் கதை மூணு வருஷம் ஓடுச்சு. என் அக்கா பையனுக்காக.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். பையன் 2004-ல பிறந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். காது கேக்கலையோன்னு பயந்தோம். ஆனா அடுத்த ரூம்ல முறுக்குப் பொட்டலம் பிரிச்சா ஓடி வந்துருவான். சில்வர் தட்டை நிமிர்த்தி வச்சுச் சுத்தி விட்டு மணிக்கணக்கா பார்ப்பான். ஆடித்தபசுக் கூட்டத்துல ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அலறுவான். கோயில் யானை முன்னால கொண்டு போய் நிறுத்தினா, பக்கத்துல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் யானையைக் கை காட்டி அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கும். இவன் சங்கிலி ஆடுறதை மட்டும் பார்த்துக்கிட்டு நிப்பான்.

இத்தனையும் கண்ணு முன்னாடி நடந்தும் எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்: "பையன் இன்னும் பேசலை." அதுக்குப் பதில்தான் குமரகுருபரர் கதையில இருக்கே! கோமதி அம்மன் சன்னதி சக்கரத்துல உட்கார வச்சோம், புத்துமண் பூசினோம். ஒரு டாக்டரும் "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், போங்க"ன்னு அனுப்பிட்டார். ஆட்டிசம்ங்கிற வார்த்தையை நாங்க முதல்ல கேட்டப்போ அவனுக்கு அஞ்சு வயசு.

அதுக்கப்புறம்தான் இதோட வரலாறைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்துச்சு. ஆட்டிசம்ங்கிறது 'பேச்சு வராத வியாதி'ன்னு ஆரம்பத்துல இருந்தே யாரும் சொல்லலை!

அமெரிக்காவுல மிசிசிபி மாநிலத்துல ஃபாரஸ்ட்னு ஒரு சின்ன ஊர். அங்கே டொனால்ட் ட்ரிப்லெட்னு ஒரு பையன், 1933-ல பிறந்தவன். ஒரு வயசுலயே பாட்டை ராகம் தப்பாம முணுமுணுப்பான். ரெண்டரை வயசுல பைபிள் சங்கீதம் மனப்பாடம். ஆனா 'நான்'னு சொல்ல வேண்டிய இடத்துல 'நீ'ம்பான். அம்மா வந்தாலும் போனாலும் கண்டுக்க மாட்டான். சட்டி, தட்டு எது கிடைச்சாலும் தரையில சுத்தி விடுவான் (இந்த இடத்தைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வச்சுட்டேன்). டாக்டர்கள் சொன்னாங்கன்னு மூணு வயசுல ஒரு விடுதியில விட்டாங்க. மனசு கேக்காம ஒரு வருஷத்துல திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. 1938-ல அவன் அப்பா, பையன் செய்றது ஒவ்வொண்ணையும் 33 பக்கத்துக்கு டைப் அடிச்சு, பால்டிமோர்ல இருந்த லியோ கானருங்கிற குழந்தை மனநல மருத்துவருக்கு அனுப்பினார்.

கானர் 1943-ல எழுதின கட்டுரையில மொத்தம் 11 குழந்தைங்க, முதல் குழந்தை டொனால்ட். அந்த 11-ல 8 பேர் பேசினவங்க! பேசாதவங்க 3 பேர்தான். கானர் கவனிச்சது, இவங்க மத்தவங்களோட ஒட்டுற விதத்தையும், எதுவும் மாறக்கூடாதுங்கிற பிடிவாதத்தையும். அவருக்கு முன்னாடியே, 1925-ல மாஸ்கோவுல கிருன்யா சுகரேவாங்கிற பெண் மருத்துவர் இதே மாதிரி ஆறு பையன்களைப் பத்தி எழுதியிருந்தார். அவரை உலகம் ரொம்ப வருஷம் மறந்தே போச்சு. அது தனிப் பதிவுக்கான விஷயம்.

இவ்வளவு கூர்மையாப் பார்த்த கானரே ஒரு தப்புக்கு வழிவிட்டுட்டார். இந்தக் குழந்தைங்களோட பெத்தவங்க அன்பில்லாத ஆளுங்கன்னு எழுதி வச்சார். அதைப் பிடிச்சுக்கிட்டு, 'ஐஸ்பெட்டி அம்மாக்கள்'னு ஒரு தலைமுறைத் தாய்மாரையே குத்தவாளி ஆக்கினாங்க. ப்ரூனோ பெட்டல்ஹெய்ம் 1967-ல புத்தகமே போட்டார். அதுக்கு மூணு வருஷம் முன்னாலேயே, 1964-ல, பெர்னார்ட் ரிம்லாண்ட் இது மூளை சம்பந்தப்பட்டது, வளர்ப்பு காரணமில்லைன்னு எழுதிட்டார். அவரும் ஆட்டிசம் உள்ள பையனுக்கு அப்பாதான். 1977-ல இங்கிலாந்துல 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ஞ்சப்போ, உருவம் ஒத்த 11 ஜோடியில 4 ஜோடிக்கு ரெண்டு பேருக்குமே ஆட்டிசம். மத்த 10 ஜோடியில ஒண்ணுல கூட அப்படி இல்லை. பரம்பரைக்குப் பங்கு இருக்குன்னு தெரிஞ்சுது.

அது எங்க தெருவுக்கு வந்து சேரலை பாருங்க. "நீ பிள்ளைகூடப் பேசினாத்தானே அவன் பேசுவான்"னு அக்கா காதுபடவே சொன்னவங்க உண்டு.

சரி, ரொம்பச் சின்ன வயசுலயே எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது? 1992-ல சைமன் பேரன்-கோஹெனும் மத்தவங்களும் இங்கிலாந்துல ஒரு காரியம் செஞ்சாங்க. ஏற்கனவே ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கிற வீடுகள்ல, ஒன்றரை வயசுத் தம்பி தங்கச்சிங்க 41 பேரையும், பொதுவா எடுத்த 50 குழந்தைகளையும் பார்த்தாங்க. கேள்வி எல்லாம் சாதாரணம். விரல் நீட்டிக் காட்டுதா? நீங்க காட்டுற பக்கம் திரும்பிப் பார்க்குதா? பொம்மைக்குச் சோறு ஊட்டுற மாதிரி விளையாடுதா? இதுல ரெண்டோ அதுக்கு மேலயோ இல்லாத நாலு குழந்தைங்க அந்த 41-ல இருந்தாங்க. ரெண்டரை வயசுல அந்த நாலு பேருக்குமே ஆட்டிசம்னு உறுதியாச்சு.

இதுல விரல் நீட்டுறது ரெண்டு வகை. "அந்த பிஸ்கட் வேணும்"னு நீட்டுறது ஒண்ணு. "யானையைப் பாரேன்!"னு நீட்டுறது இன்னொண்ணு. ரெண்டாவதுல குழந்தைக்கு எதுவும் வேணாம், நீங்களும் பார்க்கணும், அவ்வளவுதான். அதைத்தான் தேடிப் பார்க்கணும். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுற நம்ம வீடுகள்ல இது தினம் நடக்கிற பரீட்சை; யாரும் மார்க் போடுறதில்லை.

ஒரு வயசாகியும் பேருக்குத் திரும்பலை, விரல் நீட்டலை. 16 மாசத்துல ஒரு வார்த்தை வரலை. ரெண்டு வயசுல தானா ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலை. வந்த பேச்சே நின்னு போச்சு - இப்படி எது இருந்தாலும் காத்திருக்காம காட்டிடணும். காதுப் பரிசோதனை கட்டாயம். ஒரு அறிகுறியை வச்சு நாமளே ஆட்டிசம்னு முத்திரை குத்தவும் கூடாது.

சட்டமும் மெதுவாத்தான் வந்துச்சு. 1995 ஊனமுற்றோர் சட்டத்துல ஆட்டிசம் கிடையாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல பேர் வந்துச்சு. 40 கேள்விகள் உள்ள இந்திய அளவுகோல் 2009-ல வந்துச்சு. 2016 சட்டத்துலதான் 21 வகை மாற்றுத்திறன்ல ஒண்ணா இடம் கிடைச்சுது. எங்க பையனோட முதல் சான்றிதழ்ல 'மனவளர்ச்சிக் குறைவு'ன்னுதான் இருக்கு. 2013-ல தொடங்கின மத்திய அரசுத் திட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கணும். பள்ளிக்கூடத்துலயும் அங்கன்வாடியிலயும் பிள்ளைகளைப் பார்த்து அங்கே அனுப்புவாங்க. தமிழ்ல படிக்கணும்னா நம்ம பதிவர் யெஸ். பாலபாரதி எழுதின 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' இருக்கு.

குமரகுருபரரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவருக்கு என்ன இருந்துச்சுன்னு நானூறு வருஷம் கழிச்சு நாம கண்டுபிடிக்க முடியாது, தேவையும் இல்லை. ஆனா அந்தக் கதையில பெத்தவங்க 'தானா பேசிருவான்'னு வீட்டுல உட்காரலையே! அன்னைக்கு அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே இடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. நாங்க கதையில பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டோம்.

பையன் ஏழு வயசுல சங்கரன்கோவில் ஸ்டேஷன்ல முதல் தடவையா ரயிலை விரல் நீட்டிக் காட்டிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். இன்னைக்கும் பத்து இருபது வார்த்தைக்கு மேல பேச்சில்லை. வேணுங்கிறதைப் படம் காட்டிச் சொல்லிடுவான்.

எங்க அம்மா இப்போ குமரகுருபரர் கதையைச் சொல்றதில்லை. தெருவுல யாராவது "பேத்தி இன்னும் பேசல மதினி"ன்னு வந்தா, "பேச்சு கிடக்கட்டும், கையைக் காட்டுதாளா?"ன்னுதான் முதல்ல கேக்கா.